பழைய காரில் வேலைக்குப் போகிறவன்

(எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் பேச்சாளன் அல்ல. ஏ.எல். சோதினையோடு படிப்பு முடிந்தது. இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். செயலாளர் அண்ணைதான், "தம்பி, வாசலிலை நிக்கிற பச்சைக் காரைப் பற்றி ஒருக்காச் சொல்லன், எல்லாரும் கேக்கினம்" என்றார். ஆகவே காரைப் பற்றியே பேசுகிறேன்.

அது எம்.ஜி.பி. ஜி.ரி., 1973 ஆம் ஆண்டுக் கார். ஒக்ஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. கார்களைச் செய்தார்கள். எல்லா வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல். அதனால்தான் இன்றும் உதிரிப்பாகம் எல்லாம் கிடைக்கிறது.

"அகதியாய் வந்தவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதோ?" என்று சிலர் பகிடி பண்ணுவது என் காதிலும் விழுந்தது. கதை அப்படியில்லை. கேளுங்கோ.

எங்கள் அப்பா சுன்னாகத்தில் ஹயர் கார் ஓடியவர். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-55. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் மருந்துக் குப்பியில் அளந்து விற்ற காலம். அப்பா காபுரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகையோடு கார் போகும். பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, ஷெல் காயம், எத்தனை பேரை அந்தக் கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது! பிளக் கழற்றிக் கழுவுவதும் பொயின்ற் இடைவெளி பார்ப்பதும் ஆறு ஏழு வயதிலேயே நான் பக்கத்தில் நின்று பழகினேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. கார் தென்மராட்சி வரை வந்தது. பிறகு கடலேரியால் வள்ளத்தில் வன்னிக்குப் போக வேண்டும், காரை ஏற்ற முடியாது. அப்பா ஒரு மாமரத்துக்குக் கீழே அதை விட்டு, டிஸ்ரிபியூற்றர் மூடியைத் திறந்து றோட்டரைக் கழற்றி மடியில் கட்டினார். றோட்டர் இல்லாமல் ஒருவரும் ஸ்ராட் பண்ண ஏலாது. "வந்து போட்டால் ஓடும்" என்றார். 2002 இல் பாதை திறந்தபோது போய்ப் பார்த்தார். மாமரம் நின்றது, கார் இல்லை. ஆனாலும் றோட்டரை எறியவில்லை. 2009 இல் அப்பாவும் இல்லை, றோட்டரும் இல்லை.

நான் இங்கு வந்து சேர்ந்தது 2010 இல். வேலை செய்ய அனுமதி கிடைக்க நாள் எடுத்தது. பிறகு தொழிற்சாலை. அங்கே ஓய்வு பெறப்போகிற ஒரு வெள்ளைக்காரர் தன் கராஜில் ஒரு கார் பல வருடமாகக் கிடப்பதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். பொனற்றைத் திறந்தார். நான் பேசாமல் நின்றேன். அப்பாவின்ரை எஞ்சின்! உண்மையும் அதுதான். பி-சீரிஸ் என்று சொல்லுகிற ஒரே குடும்பம். கேம்பிரிட்ஜில் 1489 சி.சி., ஒரு காபுரேற்றர். எம்.ஜி.பி.யில் 1798 சி.சி., இரண்டு காபுரேற்றர். இந்தியாவின் அம்பாசடரும் அதே எஞ்சினோடு நெடுங்காலம் ஓடியது. சீட்டுக் காசை எடுத்துக் காரை வாங்கினேன். மனைவி ஒரு கிழமை கதைக்கவில்லை.

இனி உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன். தினமும் போக 14 மைல், வர 14 மைல். பழைய காரை இப்படி ஓடலாமா? ஓடலாம். ஆனால் அது தரும் சலுகையையும் கேட்கும் கூலியையும் தெரிந்துகொண்டு ஓட வேண்டும்.

சலுகை: 40 வயது தாண்டி, வரலாற்று வாகனமாகப் பதிந்தால் ரோட் ரக்ஸ் இல்லை. லண்டனுக்குள் யூலெஸ் கட்டணமும் இல்லை. பெரிய மாற்றம் செய்யாத காருக்கு 2018 மே முதல் எம்.ஓ.ரி. சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் நான் வருடாவருடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். சோதனை இல்லை என்றால் பிறேக் தேயாது என்று அர்த்தமில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது வேலைக்கு ஓடுவதை மறைக்காமல் சொல்லுங்கோ. பழைய கார் இன்சூரன்சில் மைல் கட்டுப்பாடு இருக்கும்.

கூலி: முதல் எதிரி துரு. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் முதுகெலும்பு. அது உக்கினால் மேலே பூசிய பெயின்ற் காப்பாற்றாது. மாரியில் றோட்டில் போடும் உப்பு அதைத் தின்னும். அடியைக் கழுவி மெழுகெண்ணெய் அடிக்க வேண்டும். அடுத்தது பெற்றோல். 2021 செப்ரெம்பரிலிருந்து சாதாரண பெற்றோலில் எதனோல் 10 வீதம் வரை இருக்கிறது. பழைய றப்பர் குழாய்களை அது கெடுக்கும். நான் விலை கூடிய ஈ-5 தான் அடிக்கிறேன், குழாய்களையும் மாற்றிவிட்டேன். முன்சில்லுக் கிங்பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ். பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் கைவிட்டது. தை மாதம், விடிய ஐந்து மணி, ஆறு மணிக்கு வேலை. பாதி வழியில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் பின்னால் பெற்றோல் பம் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். சத்தமே இல்லை. பனிக்குள் படுத்து, பின் வலது சில்லுக்குக் கிட்ட இருக்கிற பம்மைச் சாவியின் பிடியால் மெதுவாய்த் தட்டினேன். டிக் என்றது, கார் எழும்பியது. ஆனால் 40 நிமிடம் பிந்திப் போனேன். மேற்பார்வையாளர் எழுத்தில் எச்சரிக்கை தந்தார். அன்று இரவு மனைவி சொன்னா: "இஞ்சாருங்கோ, மாமான்ரை நினைவு எனக்கும் விளங்குது. ஆனா இந்த வேலை போனா வாடகையை ஆர் கட்டுறது?"

அவ கேட்டது சரி. அந்த வார்த்தைக்குப் பிறகு மூன்று முடிவு எடுத்தேன். ஒன்று, புதிய பம் போட்டேன், ஒரு பம்மும் ஒரு றோட்டரும் எப்போதும் காருக்குள் இருக்கும். இரண்டு, உப்புப் போடுகிற மாதங்களில் கார் கராஜுக்குள், நான் கூட்டாளியின் காரில் பங்குக் காசு கொடுத்துப் போவேன். மூன்று, மகளை அதில் ஏற்றுவதில்லை. காற்றுப்பை இல்லை, பின் இருக்கையில் பெல்ற் இல்லை. குடும்பத்துக்கு ஒரு சின்ன ஜப்பான் கார் மனைவியின் பொறுப்பில் இருக்கிறது.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பகட்டுக்கு இந்தக் காரை வாங்காதேங்கோ, மூன்று மாதத்தில் வெறுத்துப் போகும். கையில் எண்ணெய் பட விருப்பம் இருந்தால் வாங்குங்கோ. சனிக்கிழமையில் என் கராஜுக்கு வந்தால் பொயின்ற் பார்க்கக் காட்டித் தருவேன், காசு வேண்டாம். அப்பா எனக்குத் தந்த சொத்து அது ஒன்றுதான். காரும் போய், ஊரும் போய், அது மட்டும் கையோடு வந்தது. உங்களில் இரண்டு பேருக்காவது கொடுத்துவிட்டால் எனக்குப் போதும்.