மலைக்கு வழி காட்டியவர்கள்



ஒவ்வோர் இரவும் ஒன்பது மணி சுமாருக்குச் சென்ட்ரலை விட்டுப் புறப்படுகிற நீலகிரி எக்ஸ்பிரஸ், சற்று நேரத்தில் நம் ஆவடியைத் தாண்டி, இந்தச் சேக்காட்டின் காதுக்கு எட்டுகிற தூரத்தில் பட்டாபிராம் பக்கமாக ஓடி மறைகிறது. வெயிலுக்கு அஞ்சி மலையை நாடிப் போகும் குடும்பங்கள் அதில் நிறைந்திருக்கும். விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பஸ் ஏறி, பாக்குத் தோப்புகளைக் கடந்து, முதல் கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகித் திரும்பும்போது, ஜன்னலோரத்துக் குழந்தை கீழே விரியும் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, "இந்த ரோட்டை யார் போட்டாங்க?" என்று கேட்கும். கேட்டவுடன் பெரியவர்கள் சொல்லும் விடை ஒன்று உண்டு: "வெள்ளைக்காரன் போட்டது." தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலம் முழுவதும் நானும் அந்த விடையையே என் மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன். அது முழு உண்மையன்று என்பதைக் காலங்கடந்து உணர்ந்தவன் என்ற முறையில், இன்று உங்கள் முன்னிலையில் அதைத் திருத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீலகிரியின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரிலிருந்தே தொடங்குகிறார்கள். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலையேறினார். அவருக்கு ஓராண்டு முன்னர், 1818-இல், அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இருவர் ஏறி வந்து குளிர்ந்த தேசம் ஒன்று மேலே இருப்பதாகச் செய்தி சொன்னார்கள். அவர்களுக்கும் முன்னர் 1812-இல் கீஸ், மக்மகான் என்னும் இரண்டு நில அளவையாளர்கள் ஏறிப் பார்த்திருந்தார்கள். இவர்களில் யாருக்கு முதல் மரியாதை என்று விவாதிப்பவர்கள் உண்டு. அவ்விவாதத்தில் நுழைய எனக்கு விருப்பமில்லை. ஏனெனில், 1603-ஆம் ஆண்டிலேயே மலையாளக் கரையிலிருந்து பெனீசியோ என்னும் ஏசுசபைப் பாதிரியார் ஏறிவந்து தோடர்களைக் கண்டு பேசிப் போயிருக்கிறார். அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1117-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று, விஷ்ணுவர்த்தன மன்னனின் தண்டநாயகனான புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதையும் நீலமலையைக் கைக்கொண்டதையும் பெருமையோடு பேசுகிறது. ஒரு சேனை ஏறிப்போன மலைக்கு வழி இல்லாமலா இருந்திருக்கும்?

வழி இருந்தது; ஒன்றன்று, பல இருந்தன. மேலே எருமை மேய்த்த தோடரும், இரும்படித்தும் மண்பாண்டம் வனைந்தும் கொடுத்த கோத்தரும், தானியம் விளைத்த படகரும், காட்டுச் சரிவுகளில் வாழ்ந்த குறும்பரும் இருளரும் தமக்குள் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள். உப்புக்கும் துணிக்கும் சமவெளியோடு தொடர்பு வைத்திருந்தவர்கள். இருளர் என்றால் நம் திருவள்ளூர் மாவட்டத்தாருக்கு அந்நியர் அல்லர். அந்தப் பெயருடைய ஜனங்கள் நம் ஏரிக்கரைகளிலும் வயல் வரப்புகளிலும் இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். பழைய வழிகளில் ஒன்று தண்ணாயக்கன்கோட்டையிலிருந்து ஏறியது. 1800-ஆம் ஆண்டில் புக்கானன் என்னும் வைத்தியர் அந்தப் பக்கமாகத்தான் மலைச்சரிவில் ஏறிப் பார்த்தார். அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் நீருக்குள் கிடக்கிறது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மாதவராயப் பெருமாள் கோவிலின் கற்கள் வெளியே தலைகாட்டுகின்றன. மலைக்கு ஏறிய பழைய வழியின் வாசலை நாம் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டோம். மேலே ஏறிய புதிய சாலைக்கு மட்டும் சரித்திரம் எழுதிக்கொண்டோம்.

அந்தப் புதிய சாலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சல்லிவன் முதலில் வீடு கட்டியது கோத்தகிரிக்கு அருகில் டிம்ஹட்டி என்னும் படகர் ஊரில். பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து அந்த டிம்ஹட்டிக்குச் சாலை அமைக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்று, அந்த வேலையை ஈவன்ஸ் மக்பெர்சன் என்னும் லெப்டினன்டிடம் ஒப்படைத்தார்கள். 1823-இல் அது முடிந்தது. இவ்வளவும் புத்தகங்களில் உண்டு. மலையை வெட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு அதே புத்தகங்கள் ஒரே ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகின்றன. அந்தச் சொல், கைதிகள்.

அன்பர்களே, அந்த ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன். சிறைக் கதவைத் திறந்து, நம் தேசத்து மனிதர்களை, அவர்கள் பிறந்து வளர்ந்த வெயிலிலிருந்து பெயர்த்து, உடம்பை நடுக்கும் குளிரிலும் ஓயாத மழையிலும் நிறுத்தி, கடப்பாரையும் மண்வெட்டியும் கையில் கொடுத்துப் பாறையை உடைக்கச் செய்தார்கள். அடிவாரத்துக் காடு அக்காலத்தில் கொசுவுக்கும் விஷக் காய்ச்சலுக்கும் பேர்போனது. துரைமார்கள் அந்த இடத்தைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும், இரவு தங்கலாகாது என்று ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். கடந்துபோகிறவனுக்கு ஓர் இரவே ஆபத்து என்றால், அங்கேயே வேலை செய்தவனுடைய கதி என்ன?

சுரம் என்ற சொல்லை நீங்கள் அறிவீர்கள். நம் பழைய புலவர்களுக்கு அது வறண்ட, கடத்தற்கரிய வழி. மலையாள தேசத்தார் இன்றைக்கும் மலைப்பாதையைச் சுரம் என்றே வழங்குகிறார்கள். நம் வீட்டுப் பாட்டிமார் பேச்சிலோ சுரம் என்றால் காய்ச்சல். முன்னது தமிழ், பின்னது ஜ்வரம் என்னும் வடசொல்லின் திரிபு. இரண்டுக்கும் வேர் வேறு என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள், அது சரியே. ஆனால் நீலகிரியின் அடிவாரத்தில் மண் சுமந்தவனுக்கு அவ்விரண்டு சுரமும் ஒன்றாகவே இருந்தன.

அடுத்துக் குன்னூர்ச் சாலை வந்தது. கவர்னர் லஷிங்டன் காலத்தில், 1830-களின் தொடக்கத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையை மதராஸ் பயோனியர் படையினர் அமைத்தார்கள். பயோனியர் என்றால் துப்பாக்கியோடு மண்வெட்டியையும் தோளில் தாங்கிய சிப்பாய். அந்தப் படையிலிருந்த சிப்பாய்கள் நம் தென்னாட்டு ஜனங்கள். அவர்கள் போட்ட பாதை மிகவும் செங்குத்தானது. பாரம் ஏற்றிய மாட்டுவண்டிக்கு அது உகந்ததாக இல்லை. மலையில் சாலை போடுவதன் ரகசியமே ஏற்றத்தைத் தூரத்தால் வாங்குவதுதான்: நேரே ஏறினால் ஒரு மைல் என்றால், மாடு மூச்சுத் திணறாமல் ஏறுவதற்கு அதை ஐந்தாறு மைலாக நீட்டி, மலையின் முகத்தில் முன்னும் பின்னுமாக மடித்து வைக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின்னர் கர்னல் லா என்பவர் அப்படி மடித்துப் புதிய சாலையை அமைத்தார். இன்று பஸ் போவது அந்தத் தடத்தில். அவர் பெயரால் குன்னூருக்கு அருகில் ஓர் அருவி விளங்குகிறது. 1870 முதல் கோடைக்கு மதராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு ஏறிப்போன வைபவம் தெரிந்ததுதான். அதைப் பற்றி இங்கே விவரிக்கப் போவதில்லை.

நிலம் யாருடையது என்ற வழக்கு இதைவிட முக்கியமானது. இந்த இடத்தில் சல்லிவனுக்கு நான் தலைவணங்குகிறேன். மலைநிலத்துக்கு உரியவர்கள் தோடர்களே, அதை எடுப்பதானால் அவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் அரசாங்கத்தோடு வாதாடினார். லஷிங்டனின் கட்சி வேறு; தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமைதான் உண்டு, மண்ணுக்கு அவர்கள் சொந்தக்காரர்கள் அல்லர் என்பது அது. கலெக்டருக்கும் கவர்னருக்கும் நடந்த இந்தத் தகராறு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆனாலும், வாதாடிய அதே சல்லிவன் தாமும் தோடர்களிடமிருந்து மிகச் சொற்ப விலைக்கு விரிந்த நிலத்தைப் பெற்று, 1822-இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார் என்பதும் சரித்திரமே. சாலை வந்தது, சாலையைப் பிடித்துக்கொண்டு பங்களாவும், காப்பியும், தேயிலையும், யூகலிப்டஸும் ஏறி வந்தன, எருமைகள் மேய்ந்த புல்வெளி சுருங்கிப் போயிற்று. சாலை தோடரிடம் வந்ததேயன்றி, தோடர் சாலையைக் கேட்டதில்லை.

இவ்விடத்தில் சங்க இலக்கியத்தை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மலைபடுகடாம் என்று பத்துப்பாட்டில் ஒரு நூல் இருக்கிறது; பெருங்கௌசிகனார் பாடியது; 583 அடிகள். பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு நன்னன் என்னும் மன்னனுடைய மலைநாட்டுக்கு வழி சொல்கிறான். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி படிந்து கால் வழுக்கும் பாறை எது, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படி வந்து விழும், பாம்பு எங்கே பதுங்கியிருக்கும் என்று அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறான். பாதைகள் பிரியும் சந்தில் பின்னால் வருகிற புதியவர்கள் திகைத்து நிற்காதபடி, புல்லை முடிந்து அடையாளம் செய்துவிட்டுப் போங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறான். உலக இலக்கியத்தில் வழி சொல்வதையே ஒரு தனிக் காவிய வகையாக ஆக்கி, ஆற்றுப்படை என்று பெயரிட்டு, வழி சொன்னவனைக் கதைசொல்லியாகவே அமர்த்திய மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த நாம்தான், மலைச்சாலையின் சரித்திரத்தை எழுதும்போது, வழி சொன்னவனை விட்டுவிட்டு வழி கேட்டவனுக்குச் சிலை வைக்கிறோம்.

விட்டுவிட்டதை ஜனங்கள் மறக்கவில்லை என்பதற்கு, நீலகிரிக்கு மேற்கே வயநாட்டில் ஒரு சான்று இருக்கிறது. தாமரைச்சேரிச் சுரத்தின் உச்சியில், லக்கிடியில், இரும்புச் சங்கிலி பிணைத்த மரம் ஒன்று நிற்கிறது. பணியர் குலத்துக் கரிந்தண்டன் என்பவன் வெள்ளைக்கார எஞ்ஜினீயருக்கு மலையேறும் வழியைக் காட்டினான். கண்டுபிடித்த பெருமை தனக்கே வேண்டும் என்று அந்த எஞ்ஜினீயர் அவனைக் கொன்றுவிட்டான். ஆவியாகத் திரிந்த கரிந்தண்டன் பிரயாணிகளைக் கவிழ்க்கவே, மந்திரவாதி ஒருவர் அவனை இந்த மரத்தில் சங்கிலியால் கட்டினார் என்று அங்கே சொல்கிறார்கள். மராட்டிய தேசத்துக் கண்டாலாக் கணவாயிலும் ஷிங்ரோபா என்னும் ஆட்டிடையனைப் பற்றி ஏறத்தாழ இதே கதை வழங்குகிறது; அவனுக்கு அங்கே கோவில் உண்டு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தேசத்து ஜனங்கள் ஒரே கதையைச் சொல்கிறார்கள். இவை செவிவழிக் கதைகள், ஆவணம் அல்ல என்று அறிஞர்கள் ஒதுக்கலாம். என் அபிப்பிராயம் வேறு. எழுத்தறியாத ஜனங்கள் சரித்திரத்தின் சன்னிதானத்தில் கொடுத்த புகார் மனு அது. கொலை நடந்ததோ இல்லையோ, பெயர் பறிக்கப்பட்டது நடந்தது.

ஆனைமலைக்கு வாருங்கள். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குப் போகிறவர்கள், கவர்க்கல்லில் கார்வர் மார்ஷ் என்னும் தோட்டத்துரையின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர் என்ற முறையில் அவருக்கு அந்த மரியாதை. கங்காணியின் வார்த்தையை நம்பி, முன்பணத்துக்குக் கைநாட்டு வைத்து, குடும்பத்தோடு ஏறிப்போய், மலேரியாவுக்கும் பட்டினிக்கும் இரையான ஏழை ஜனங்களின் கதையை, தோட்டத்தில் வைத்தியராக இருந்த பி.எச்.டேனியல் 1969-இல் ஒரு நாவலாக எழுதிவைத்தார். அது 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. துரைக்கு மலையில் சிலை இருக்கிறது. கூலிக்கு ஒரு நாவல்தான் இருக்கிறது.

"சல்லிவன் இல்லாவிட்டால் சாலை ஏது? செய்தவரைப் புகழ்வதில் என்ன குற்றம்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம், நியாயமான கேள்வி. நீலகிரி ஜனங்கள் அவரை நன்றியோடு நினைப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். கோத்தகிரிப் பக்கத்துக் கன்னேரிமுக்கில் அவர் வாழ்ந்த இல்லத்தை நினைவகமாகப் பாதுகாத்து வருகிறார்கள். அந்த நினைவகத்தின் ஓர் ஓட்டினைக்கூட யாரும் அசைக்க வேண்டாம். அந்தச் சாலையின் தலைப்பிலும் அடிவாரத்திலும் நான் நின்று தேடியபோது, அதை வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதிய கல்லும் என் கண்ணில் படவில்லை என்பதுதான் என் வருத்தம். கலெக்டர் பெயரைச் சொல்லுங்கள், லெப்டினன்ட் பெயரைச் சொல்லுங்கள். அதே மூச்சில் கைதிகளையும், பயோனியர் சிப்பாய்களையும், முன்னே நடந்து வழி காட்டிய மலைஜனங்களையும் சொல்லுங்கள். சிறுமுகையிலிருந்து ஏறும் பழைய தடத்தின் அடியில், தமிழிலும் படகர் மொழியிலும் இருளர் மொழியிலும் அந்தச் செய்தியைப் பொறித்த கல் ஒன்றை நெடுஞ்சாலைத்துறை நடவேண்டும். இந்த வேண்டுகோளை இக்கூட்டத்தின் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பும்படி அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. கோயம்புத்தூர்க் கலெக்டர்கள் எழுதிய கடிதங்களும், ரெவினியூ போர்டின் நடவடிக்கைக் குறிப்புகளும் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தக் காகிதங்களைப் புரட்டி, சாலையில் வேலை செய்தவர்களைப் பற்றிய ஒவ்வொரு வரியையும் பிரதி எடுக்க வேண்டும். என் வயதில் அதைத் தனியாகச் செய்ய இயலாது. ஆவடியில் மின்சார ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா நிலையத்தில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். நாளை திங்கட்கிழமை, காப்பகம் திறந்திருக்கும். காலையில் அதன் வாசலில் நான் நிற்பேன். வர மனமுள்ளவர்கள் பென்சிலும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.