மர்ரே ஆற்றங்கரையில் ஒரு வாத்தியார்

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "தம்பி, நீ ஆஸ்திரேலியா போயிட்டு வந்தவனாச்சே, அதைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசு. ரொம்ப டெக்னிக்கலா போயிடாதே, சாப்பாட்டுக்கு முன்னாடி உன் பேச்சு" என்றார். அவர் சொன்னதில் பாதியைக் காப்பாற்ற முயற்சி செய்கிறேன்.

2024இல் வேலை நிமித்தமாக எட்டு மாதம் மெல்போர்னில் இருந்தேன். பம்ப் சம்பந்தப்பட்ட வேலை. அங்கே போகிறவர்கள் எல்லோரும் சிட்னி பாலம், கங்காரு, கடற்கரை என்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நானும் அனுப்பினேன். ஆனால் இன்று நான் பேச வந்தது எச்சூக்கா என்ற ஒரு சின்ன ஊரைப் பற்றி. மெல்போர்னுக்கு வடக்கே சுமார் 220 கிலோமீட்டர். ரயிலும் போகிறது. ஜனத்தொகை பதினைந்தாயிரம் சொச்சம். ஊருக்கு ஓரமாக மர்ரே ஆறு. அக்கரையில் மோவாமா என்று இன்னொரு ஊர். இக்கரை விக்டோரியா மாநிலம், அக்கரை நியூ சவுத் வேல்ஸ். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லைக்கோடு ஆற்றின் நடுவில் இல்லை, தென்கரையிலேயே இருக்கிறது. தண்ணீர் முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எச்சூக்கா என்றால் அந்த மண்ணின் மக்கள் மொழியில் நீர்கள் சந்திக்கும் இடம் என்று பொருள். கேம்பாஸ்பி, கோல்பர்ன் என்று இரண்டு ஆறுகள் அந்த ஊரை ஒட்டி மர்ரேயில் வந்து சேர்கின்றன. நம்மூராக இருந்தால் கூடுதுறை என்று பெயர் வைத்து ஒரு கோயில் கட்டியிருப்போம். அங்கே 1850களில் ஹென்றி ஹாப்வுட் என்பவர் பரிசல்துறை மாதிரி ஒரு தெப்பம் விட்டார். கைதியாக இங்கிலாந்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்தவர் அவர். ஆற்றைக் கடக்கிற ஆடுமாடுகளுக்கும் வண்டிகளுக்கும் கூலி வாங்கியே ஓர் ஊரை உண்டாக்கிவிட்டார்.

1864இல் மெல்போர்னிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. அதன் பிறகு ஊருக்கு யோகம்தான். உள்நாட்டுப் பண்ணைகளிலிருந்து கம்பளி மூட்டைகள் நீராவிப் படகுகளில் வரும். படகிலிருந்து நேரே ரயிலில் ஏறும். 1865இல் கட்டத் தொடங்கிய படகுத்துறை, நீண்டுகொண்டே போய், 332 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. முழுக்க ரெட் கம் என்கிற சிவப்பு யூக்கலிப்டஸ் மரம். ஆற்று மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும் என்பதால், எந்த மட்டத்திலும் சரக்கு ஏற்றும்படி அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. அந்த மரத்தூண்களுக்கு நடுவே நின்று மேலே பார்த்தபோது, நம் ஸ்ட்ரக்சர்ஸ் சார் இங்கே இருந்திருந்தால் எங்களைச் சும்மா விட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். "இந்த ஜாயின்ட்டுல ஃபோர்ஸ் எப்படிப் போகுது, சொல்லு" என்று கேட்டிருப்பார்.

படகிலும் போனேன். சினிமா செட் இல்லை, உண்மையான நீராவிப் படகு. 1866இல் எச்சூக்காவில் கட்டிய 'அடிலெய்ட்', 1911இல் கட்டிய 'பெவன்சி' எல்லாம் இன்னும் அங்கே இருக்கின்றன. விறகு போட்டு எரிக்கிற கொதிகலன். பயணிகள் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம். பிஸ்டன் போய் வர, கிராங்க் சுற்ற, பக்கவாட்டில் துடுப்புச் சக்கரம் தண்ணீரை அறைகிறது. ஆழமில்லாத ஆற்றிலும் ஓட வேண்டும் என்று அடிப்பாகத்தைத் தட்டையாகச் செய்திருக்கிறார்கள். தெர்மல் லேபில் மூன்று பேர் ஒரு ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோமே, அந்த இண்டிகேட்டர் டயகிராம் எனக்கு உண்மையிலேயே புரிந்தது அந்தப் படகில்தான். சம்பந்தப்பட்ட இருவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

ஆனால் எந்த ரயில் அந்த ஊரை வாழ வைத்ததோ, அதே ரயில் மற்ற ஆற்றங்கரை ஊர்களுக்கும் போனதும் படகு வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெல்போர்னில் விறகுப் பஞ்சம் வந்தபோது, படகுத்துறையின் பெரும்பகுதியை உடைத்து விறகாகக் கொண்டுபோனார்கள். இன்று நாம் பார்ப்பது மிச்சமிருக்கும் துண்டுதான்.

என் அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது இங்கே பலருக்குத் தெரியும். மதகு திறப்பது, மூடுவது, கரையில் ராத்திரி ரோந்து போவது அவர் வேலை. அதனால் எந்த ஊர் ஆற்றைப் பார்த்தாலும் அவருக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்தாக வேண்டும். எச்சூக்காவுக்கு மேலே பார்மா என்ற இடத்தில் மர்ரே ஆறு குறுகிவிடுகிறது. கரை வழியாமல் அங்கே நாளொன்றுக்கு சுமார் 700 கோடி லிட்டர்தான் விட முடியும். நம் கணக்கில் விநாடிக்கு ஏறக்குறைய 2,860 கன அடி. அப்பாவிடம் சொன்னேன். "அவ்ளோதானா? நம்ம ஆத்துல இதைவிட ஜாஸ்தி பார்த்திருக்கேனே" என்றார். சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, அதன் தொண்டை அவ்வளவுதான். இயற்கையில் அந்த ஆறு குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி, கோடையில் வற்றும். 1936இல் முடிந்த ஹியூம் அணை முதலான அணைகள் வந்தபின், கோடைப் பாசனத்துக்காகத் தண்ணீர் விடுவதால் கணக்கு தலைகீழாகிவிட்டது.

ஆனாலும் ஆறு ஆறுதான். 2022 அக்டோபரில் வெள்ளம் வந்தது. 1993 வெள்ளத்தையும் தாண்டிய மட்டம். ஊர் ஜனங்களும் ராணுவத்தினரும் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கினார்கள். ஊருக்குள்ளேயே, தெருக்களின் வழியாக, சில கிலோமீட்டர் நீளத்துக்கு அவசரமாக மண் கரை போட்டார்கள். ஊரின் பெரும்பகுதி தப்பித்தது. ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கரைக்கு அந்தப் பக்கம், ஆற்றின் பக்கம் மாட்டிக்கொண்டன. ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகள். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. நான் போனபோது கரை இல்லை, ஆனால் பேச்சு ஓயவில்லை. வரைபடத்தில் நாம் ஒரு கோடு போடுகிறோம். அந்தக் கோட்டுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று கேட்பதும் இன்ஜினியரின் வேலைதான். ஜூனியர் தம்பி தங்கைகள் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

படகுத்துறையில் சம்பளம் வாங்காமல் வழிகாட்டியாக வேலை செய்யும் ஒரு பெரியவர், என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். தென்னிந்தியா, சென்னைக்குத் தெற்கே என்றேன். "மெட்ராஸா? அப்படின்னா நீ கம்மரகுஞ்சா பத்திக் கேள்விப்பட்டிருக்கணுமே. அங்க இருந்த வாத்தியாரோட அப்பா உங்க மெட்ராஸ்காரர்தான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு போனேன். அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமான ஓட்டம். பார்மா வனம் உலகத்திலேயே மிகப் பெரிய ரெட் கம் காட்டின் ஒரு பகுதி. அங்கே ஆற்றைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ் கரையில் கம்மரகுஞ்சா. யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடி மக்களின் ஊர். இன்றும் குடும்பங்கள் வாழ்கிற இடம், சுற்றுலாத் தலம் இல்லை. அதனால் நான் சாலையோரமாக நின்றுவிட்டு வந்தேன். பிறகு மெல்போர்ன் நூலகத்தில் உட்கார்ந்து படித்ததைத்தான் சொல்கிறேன்.

தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் 1859இல் மொரிசியஸில் பிறந்தவர். குடும்பப் பெயர் பீர்சாகிப். அப்பா மதராஸிலிருந்து மொரிசியஸ் போனவர், கிறிஸ்தவராக மாறியவர், மொழிபெயர்ப்பாளர் வேலை. மகன் இளைஞனாக ஆஸ்திரேலியா வந்தார். 1881இல், மர்ரே கரையில் மலோகா என்ற மிஷன் குடியிருப்பில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போனார். முதலில் சம்பளம் கிடையாது. அங்கேயே திருமணம் செய்துகொண்டார். மனைவி ஏடா கூப்பர் அந்த மக்களில் ஒருவர். 1888இல் ஜனங்கள் மலோகாவை விட்டு கம்மரகுஞ்சாவுக்குப் போனபோது பள்ளிக்கூடமும் கூடவே போனது. 1922இல் ஓய்வு பெறும் வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆற்றங்கரையில், ஒரே ஜனங்களுக்கு வாத்தியார்.

அந்தப் பள்ளியின் பழைய மாணவர் பட்டியலைக் கேளுங்கள். வாத்தியாரின் மைத்துனர் வில்லியம் கூப்பர், வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர். பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் கேட்டு, பிரிட்டிஷ் மன்னருக்கு ஒரு மனு எழுதி, 1,814 கையெழுத்து வாங்கி 1937இல் அரசிடம் கொடுத்தார். அரசு அதை மன்னருக்கு அனுப்பவில்லை. அதே மனிதர் 1938 டிசம்பரில், ஜெர்மனியில் யூதர்களுக்கு நடந்த கொடுமையைக் கண்டித்து, தம் மக்களைக் கூட்டிக்கொண்டு மெல்போர்னில் இருந்த ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்தே போனார். தனக்கே உரிமை இல்லாதவர், உலகத்தின் இன்னொரு மூலையில் இருக்கிறவர்களுக்காக மனு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்!

இன்னொரு மாணவர் டக்ளஸ் நிக்கோல்ஸ். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்புத் தரம்தான். கால்பந்து வீரரானார், பாதிரியாரானார், 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கவர்னரானார். அந்த நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி. 1988இல் இறந்தபோது அவரைக் கம்மரகுஞ்சாவுக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

வாத்தியார் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது இன்னொன்று. 1939 பிப்ரவரியில், குடியிருப்பின் மோசமான நிலைமையையும் நிர்வாகத்தின் அடக்குமுறையையும் எதிர்த்து, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாரியத்தின் விதிகளை மீறிக் கம்மரகுஞ்சாவை விட்டு வெளியேறினார்கள். ஆற்றைக் கடந்து விக்டோரியா கரைக்கு வந்து பார்மாவில் கூடாரம் போட்டார்கள். எல்லைக்கோடு தென்கரையில் என்று முதலில் சொன்னேனே, அந்தக் கரையில் கால் வைத்தவுடன் நியூ சவுத் வேல்ஸ் வாரியத்தின் அதிகாரம் அவர்கள் மேல் செல்லாது. சட்டம், பூகோளம் இரண்டையும் படித்துவிட்டு எடுத்த அடி அது.

நண்பர்களே, நூறு வருஷம் தாண்டி நிற்கும் என்று மரத்தில் கட்டிய துறையை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். சம்பளமில்லாமல் ஒரு மனிதர் சிலேட்டில் எழுதிக் கொடுத்த எழுத்து, மனுவாகி, ஊர்வலமாகி, கவர்னர் மாளிகை வரை போயிருக்கிறது. நான் ரொம்ப யோசித்தது இதைத்தான்.

நானும் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். முதல் செமஸ்டரில் பாடம் ஒன்றும் தலையில் ஏறவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஹாஸ்டல் வராந்தாவில் எங்களை உட்கார வைத்து, தமிழில் சொல்லி, பிறகு அதையே இங்கிலீஷில் எழுத வைத்த பேராசிரியர் இதோ முன் வரிசையில் இருக்கிறார். அதற்காக அவருக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. அந்த வராந்தா வகுப்பு அவர் ஓய்வு பெற்றதோடு நின்றுவிட்டது.

நாளைக்குப் பொதுக்குழு. வசூலான தொகையில் வாசலில் அலங்கார வளைவு கட்டுவதாக அஜெண்டாவில் இருக்கிறது. வளைவு கட்டுவதை நான் குறை சொல்லவில்லை, மூத்தவர்கள் ஆசைப்பட்டது. இருந்தாலும் ஒரு தம்பியாக ஒரு விண்ணப்பம். முதல் வருஷப் பிள்ளைகளில், வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் இன்றும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ராத்திரி வகுப்பைத் திரும்ப ஆரம்பிப்போம். உள்ளூரில் இருக்கும் பழைய மாணவர்கள் வாரம் ஒரு நாள் வந்து சொல்லிக்கொடுக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோவில் எடுக்கலாம். நான் சனிக்கிழமைகளை எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்புக்குப் போக மிச்சம் இருந்தால் வளைவைக் கட்டுவோம். கொஞ்சம் சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பொதுக்குழுவில் இது வாக்கெடுப்புக்கு வரும்போது, தயவுசெய்து கை தூக்குங்கள். சாப்பாடு தயார் என்று செயலாளர் அண்ணன் சைகை காட்டுகிறார்.