ஏரிக்கு அக்கரையிலிருந்து ஓர் அழைப்பு



கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே செல்லும் ரயில் ஆந்திர எல்லையைக் கடந்து சூலூர்ப்பேட்டையை அடைகிறது. அதற்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. 1971-ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து முதல் சிறு ராக்கெட் எழுந்தது. 1980 ஜூலை 18-இல் ரோகிணி என்னும் செயற்கைக்கோளைச் சுமந்து எஸ்.எல்.வி.-3 சென்றது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் வாழும் உங்களுள் பலர், வீட்டு மாடியிலோ ஏரிக் கரையிலோ நின்று, விண்ணிலே ஏறும் அந்த நெருப்புக் கோட்டைக் கண்ணாரக் கண்டிருப்பீர்கள்.

கண்ணுக்கு அருகில் இருப்பது கைக்கும் அருகில் இருக்கின்றதா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய வினா. தந்தையார் சிப்காட் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கிறார். அன்னையார் செங்கற்சூளையிலோ வயலிலோ பாடுபடுகிறார். அத்தகைய இல்லத்துப் பிள்ளை, "ராக்கெட் நம் ஊருக்கு அருகில்தான், ஆனால் அது நமக்குரியது அன்று" என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அவ்வெண்ணம் சரியானதன்று என்பதை, உணர்ச்சியைக் கொண்டல்ல, கணக்கைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ, பள்ளிப் பிள்ளைகளுக்கென 2019-இல் ஒரு கோடைப் பயிற்சியைத் தொடங்கியது. அதன் பெயர் யுவிகா. இளம் விஞ்ஞானி நிகழ்ச்சி என்பது பொருள். 2019-இல் 111 பேரும், 2022-இல் 153 பேரும், 2023-இல் 337 பேரும், 2024-இல் 320 பேரும் இதில் பயின்றனர். 2025-இல் மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் ஏழு நிலையங்களில் இப்பயிற்சி நடைபெற்றது. அவற்றுள் ஒன்று நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டா. ஒன்பதாம் வகுப்பில் பயில்வோரே இதற்கு உரியவர்.

நாடு முழுவதிலுமிருந்து சில நூறு பேரே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்றால், பெரிய நகரத்துப் பெரிய பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் கிட்டும் என்று அஞ்சத் தோன்றும். ஆனால் 2025-ஆம் ஆண்டு அறிவிப்பில் இருந்த மதிப்பீட்டு முறையைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். மொத்தம் நூறு புள்ளிகள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50. இணையவழி வினாடி வினாவுக்கு 10. அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றமைக்கு, பள்ளி அளவில் 2, மாவட்ட அளவில் 5, மாநில அளவிலும் அதற்கு மேலும் 10. ஒலிம்பியாடு முதலிய அறிவியல் போட்டிகளில் பரிசுக்கு அதிக அளவாக 5. விளையாட்டு வெற்றிக்கு அதிக அளவாக 5. சாரணர், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் 5. எஞ்சிய 15 புள்ளிகள் யாருக்கு? ஊராட்சிப் பகுதியிலுள்ள கிராமப்புறப் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கு!

இப்போது கணக்கைப் போடுவோம். நூறு விழுக்காடு மதிப்பெண்ணுக்கு 50 புள்ளி எனின், ஒரு புள்ளிக்கு இரண்டு விழுக்காடு ஆகிறது. ஆகவே கிராமப் பள்ளிக்குரிய 15 புள்ளிகள் 30 விழுக்காடு மதிப்பெண்ணுக்கு நிகர். நகரத்து மாணவன் ஒருவன் எட்டாம் வகுப்பில் 90 விழுக்காடு பெற்றால் அவனுக்கு 45 புள்ளி. சிற்றூர்ப் பள்ளி மாணவி 70 விழுக்காடு பெற்றால் 35 புள்ளி; அதனுடன் 15 சேர்ந்தால் 50. மற்றவை சமமாயின் அவளே முன்னிற்கிறாள். பள்ளிச் சாரணர் படையில் அவள் சேர்ந்திருந்தால் இன்னும் ஐந்து. அது பத்து விழுக்காடு மதிப்பெண்ணுக்கு ஒப்பாகும்.

இந்தப் பதினைந்து புள்ளியைச் சிலர் சலுகை என்று இழிவாகக் கருதக்கூடும். அவ்வாறன்று. எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டி வருபவனும், பின்காற்றில் வருபவனும் ஒரே நேரத்தில் ஓரிடத்தை அடைந்தால், எவன் வலியவன்? காற்றையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மையான அளவை. ஆதலின் அந்தப் புள்ளியை நீங்கள் தலைநிமிர்ந்தே பெறலாம்.

ஆயினும் விண்ணப்பிக்காத பிள்ளைக்கு எந்தப் புள்ளியும் இல்லை. என் ஆசிரியப் பணியில் நான் கண்ட உண்மை இது: ஏழைப் பிள்ளைகள் தேர்வில் தோற்பதைவிட, தேர்வின் வாசலுக்கே வராமல் போவதுதான் மிகுதி. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, செய்தி காலத்தில் எட்டுவதில்லை. 2025-இல் விண்ணப்பம் பிப்ரவரி 24-இல் தொடங்கி மார்ச் 23-இல் முடிந்தது. ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பரபரப்பில் அந்நாட்கள் ஓடிவிடும். எனவே பொங்கல் விடுமுறை முடிந்ததுமே இஸ்ரோவின் அறிவிப்பை வாரம் ஒருமுறை பார்த்து வாருங்கள். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். அவ்வாண்டு அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். ஆங்கிலம் கடினமாயின் ஆங்கில ஆசிரியரிடம் சென்று பொருள் கேளுங்கள். வீட்டில் கணினி இல்லையே என்று கலங்க வேண்டா. நம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உண்டு. அங்கே அமர்ந்து விண்ணப்பிக்க அனுமதி கேளுங்கள்.

இரண்டாவது, சான்று இல்லாமை. எட்டாம் வகுப்பு வரை அனைவரும் தேர்ச்சி என்பதால், அவ்வகுப்பு மதிப்பெண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இங்கோ அதுவே பாதி எடை. பள்ளிக் கண்காட்சியில் நீர் வடிகட்டியோ காற்றாலையோ செய்து வைத்த பிள்ளைகள் பலர், சான்றிதழ் கேட்டு வாங்காமையால் இரண்டு புள்ளியை இழக்கின்றனர். கண்காட்சி முடிந்த அன்றே பணிவுடன் கேளுங்கள். தலைமையாசிரியர் கையொப்பமிட்ட படிகளை ஓர் உறையிலிட்டுப் பாதுகாத்து வையுங்கள். மெய்யான சான்றை மட்டுமே இணையுங்கள். பொய்ச் சான்றால் பெற்ற இடம் நிலைக்காது, பள்ளியின் பெயரையும் கெடுக்கும்.

மூன்றாவது, செலவைப் பற்றிய அச்சம். தங்கும் இடம், உணவு, பாடப்பொருள் ஆகியவற்றை இஸ்ரோவே ஏற்கிறது. மாணவருக்கு மட்டுமன்றி, கொண்டுவந்து விட்டு மீண்டும் அழைத்துச் செல்லும் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவருக்கும் பயணக் கட்டணம் தரப்படுகிறது. ஆனால் பயணச்சீட்டை முதலில் நம் கைப்பணத்தில் வாங்கி, மூலச் சீட்டைக் காட்டியே பெற வேண்டும். கூலி வேலை செய்யும் தந்தைக்கு அந்த முன்பணமும், இழக்கும் நாட்கூலியும் பெருஞ்சுமை என்பதை நான் அறிவேன். ஆகவே விண்ணப்பிக்கும்போதே தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் உண்மையைச் சொல்லி வையுங்கள். பெண் பிள்ளையை இரண்டு வாரம் வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் தாயிடம், அறிவிப்பை எடுத்துச் சென்று விளக்கிச் சொல்லுமாறு உங்கள் ஆசிரியையை வேண்டுங்கள்.

இந்நிகழ்ச்சி தொடங்கிய 2019-இல் இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கே. சிவன் அவர்கள். குமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் உழவர் குடியில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியே பயின்றவர். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்து ரயில்வேத் தொழில்நுட்பப் பணியாளரின் மகன். பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றுப் பின்னரே பொறியியல் பட்டம் பெற்றவர். இவர்கள் பள்ளியில் படித்த நாளில் யுவிகா இல்லை. ஆகவே இது ஒரு கதவே அன்றி, ஒரே கதவு அன்று.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. விண்ணப்பித்தவருள் மிகப் பலர்க்கு இடம் கிட்டாது. கிட்டாவிடினும் அந்த முயற்சி வீண் போவதில்லை. வினாடி வினாவுக்காகப் படித்த விண்வெளி அறிவு உங்களிடமே நிற்கும். சேர்த்து வைத்த சான்றுகள் அடுத்த விண்ணப்பத்திற்கு உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு படிவத்தைக் கண்டு அஞ்சாத உள்ளம் வாய்க்கும்.

கல்லூரி மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். இந்திய அறிவியல் அகாதெமிகள் மூன்று இணைந்து கோடைக்கால ஆராய்ச்சி நல்கை வழங்குகின்றன. அதற்கு விண்ணப்பிக்கும்போது, உங்கள் ஆர்வத்தை விளக்கும் எழுத்தும் பேராசிரியரின் பரிந்துரையும் வேண்டும். எழுத்தில் வறுமையை மட்டும் விவரித்து நிறுத்திவிடாதீர்கள். அவ்வறுமைக்கிடையில் எதைக் கவனித்தீர்கள், எதை வினவினீர்கள், எதைச் செய்து பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். செங்கல் ஏன் ஓரிடத்தில் சிவக்கிறது, ஓரிடத்தில் கருகுகிறது என்று வியந்த பிள்ளை, அறிவியலின் முதற்படியில் ஏறிவிட்டான்.

இன்னும் ஒரு கடமை. உங்கள் தெருவில் எட்டாம் வகுப்பில் பயிலும் தம்பியோ தங்கையோ இருப்பர். இச்செய்தியை இன்று மாலையே அவர்களிடம் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு ஒவ்வொருவர்க்கும் ஒருமுறைதான் வரும். அந்த ஆண்டு கடந்தபின் சொல்லும் செய்தியால் பயனில்லை.