கார்ட் வந்தால் களவு வேலை நிக்குமா?

(எமது கட்சியின் தமிழ் ஆதரவாளர்கள் கூட்டத்தில், 2025 அக்டோபரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செப்டம்பர் 26ஆம் திகதி பிரதமர் கியர் ஸ்டார்மர் ஒரு அறிவிப்புச் செய்தார். இந்தப் பாராளுமன்றக் காலம் முடிவதற்குள், பிரித்தானியாவில் வேலைக்குச் சேர டிஜிட்டல் அடையாள அட்டை கட்டாயமாகும் என்றார். பெயர், படம், பிறந்த திகதி, வதிவிட நிலை எல்லாம் உங்கட போனுக்குள்ள இருக்கும். களவு வேலை கிடைக்காவிட்டால் படகில் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதுதான் அரசின் கணக்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்டை யோசியுங்கோ. வேலைக்கு ஆள் எடுக்கும்போது உரிமையைப் பார்க்கவேண்டும் என்ற சட்டம் 1997இலிருந்தே இருக்கு. பிடிபட்டால் ஒரு ஆளுக்கு 45,000 பவுண்ஸ் வரை தண்டம். திரும்பப் பிடிபட்டால் 60,000 வரை. 2024 பெப்ரவரியில்தான் அதை மூன்று மடங்காக்கினார்கள். கடை வைத்திருக்கிற எங்கட ஆட்களுக்கு இது நல்லாத் தெரியும். நேர்மையான முதலாளி இப்பவே பாஸ்போர்ட்டையோ ஈ-விசாவையோ பார்த்துத்தான் வேலை குடுக்கிறார். கையில காசு குடுத்து ஆள் வைத்திருக்கிறவர் எதையும் பார்ப்பதில்லை. பேப்பரைப் பார்க்காதவர் போனை மட்டும் பார்ப்பாரா?

போலிப் பத்திரம், அடுத்தவரின் பெயரில் வேலை, இதுகளைக் கண்டுபிடிக்க இந்த அட்டை கொஞ்சம் உதவலாம். அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினைப் பாருங்கோ. அங்கே 14 வயதிலிருந்து குடிமக்களுக்கு அடையாள அட்டை கட்டாயம். அப்படியிருந்தும் 2005இல், அனுமதியில்லாமல் வேலை செய்த 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அரசே அனுமதி குடுக்கவேண்டி வந்தது.

இந்த மாதம் மும்பை போன பிரதமர் ஆதாரைப் புகழ்ந்தார். ஆதார் குடியுரிமைக்குச் சான்றில்லை என்று அதன் 2016ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லுது.

பொலிஸ் வீதியில் மறித்து அட்டை கேட்காது என்கிறது அரசு. இன்றைக்கு அப்படி. 1939இல் போருக்கென்று கொண்டுவந்த அடையாள அட்டை, போர் முடிந்த பிறகும் 1952 வரை இந்த நாட்டில் இருந்தது. ஐசி இல்லாமல் சென்றிப் பொயின்ற் தாண்ட முடியாத காலத்தைப் பார்த்த எங்களுக்கு இதைப் பெரிசா விளக்கத் தேவையில்லை. வின்ட்ரஷ் மக்களையும் நினையுங்கோ. சட்டப்படி வந்தவர்கள், காட்டப் பேப்பர் இல்லை என்பதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். நாளைக்கு சிஸ்டம் பிழைச்சால், போன் பாவிக்கத் தெரியாத எங்கட அம்மா அப்பாவுக்கு யார் பதில் சொல்லுவது?

அப்ப என்ன செய்யலாம்? குறைந்தபட்சச் சம்பளம் குடுக்காமல் ஆட்களைச் சுரண்டும் இடங்களுக்குக் கூடுதல் பரிசோதகர்களை அனுப்புங்கோ. அகதி விண்ணப்பங்களுக்குக் கெதியா முடிவு சொல்லுங்கோ. இப்போ 12 மாதம் காத்திருந்த பிறகும், பட்டியலில் உள்ள சில வேலைகளுக்குத்தான் அவர்கள் அனுமதி கேட்கலாம். அவர்களை முன்னதாகவே சட்டப்படி வேலை செய்ய விட்டால் வரியும் வரும், களவு முதலாளிக்கு மலிவான ஆளும் கிடையாது.

பாராளுமன்ற மனுவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே கையெழுத்து வைத்துவிட்டார்கள். நீங்களும் உங்கள் தொகுதி எம்.பி.க்கு இந்த வாரமே எழுதுங்கோ. நாலு வரி போதும். கடை நடத்துபவர் என்றால் அதையும் சொல்லுங்கோ. அந்தக் குரலுக்குத் தனிப் பெறுமதி உண்டு.