கம்பெனி மூடினால் நமக்கு என்ன கிடைக்கும்?



நாம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டோம். கடைப் பலகை படிக்கிறோம். பஸ் எண் படிக்கிறோம். இன்று இன்னொன்றைப் பற்றிப் பேசுவோம். வேலை போகும் நாளில் நம் கையில் கொடுக்கும் காகிதம் பற்றித்தான்.

டெல்லி சதர் பஜாருக்குப் போயிருப்பீர்கள். பொம்மை, டார்ச், குடை, சீரியல் விளக்கு என்று குவிந்து கிடக்கும். அவற்றில் பல சீனாவில் செய்தவை. விலை குறைவு. வாங்கும் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே பொருளைச் செய்யும் பட்டறைகள் இங்கேயும் உண்டு. அங்கே சரக்கு விற்காமல் தேங்கும். முதலில் ஓவர்டைம் நிற்கும். பிறகு ஆட்களைக் குறைப்பார்கள். கடைசியில் பூட்டுத் தொங்கும்.

இது எப்படி வந்தது? முன்பு வெளிநாட்டுச் சரக்கு எவ்வளவு வரலாம் என்று அரசு அளவு வைத்திருந்தது. அதைப் படிப்படியாகத் தளர்த்தியது. 2001 ஏப்ரல் 1 அன்று கடைசி 715 பொருள்களுக்கும் அளவுக் கட்டுப்பாடு நீங்கியது.

இப்படிப் பாதிக்கப்பட்டால் அரசு இரண்டு வகையில் உதவலாம். ஒன்று, வரும் சரக்கைத் தடுப்பது. மற்றொன்று, வேலை இழந்தவரைத் தாங்குவது.

சரக்கைத் தடுத்ததற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பக்கம் தீப்பெட்டித் தொழில் நடக்கிறது. அதில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர் மலிவாக வந்தது. தீப்பெட்டி விற்பனை குறைந்தது. தொழில் செய்வோர் முறையிட்டார்கள். 2023 ஜூன் மாதம், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை விதித்தது. பொம்மைக்கும் 2020இல் சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தியது.

நல்லதுதான். ஆனால் இப்படி உத்தரவு வருவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும். வீட்டில் அடுப்பு அதுவரை காத்திருக்குமா?

ஆகவே இரண்டாவது உதவியைப் பார்ப்போம். அமெரிக்காவில் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கென்றே 1962இல் சட்டம் செய்தார்கள். உதவித்தொகையும் தொழில் பயிற்சியும் தந்தார்கள். 2022 ஜூலை மாதம் அதில் புதியவர்களைச் சேர்ப்பது நின்றுபோனது.

நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1992இல் தேசியப் புதுப்பிப்பு நிதி என்று ஒன்று தொடங்கினார்கள். அதன் பெரும்பகுதி பொதுத்துறை ஊழியர்களின் விருப்ப ஓய்வுக்கே போனது. 2000இல் அதையும் மூடிவிட்டார்கள். ஆனாலும் நாம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான உரிமைகள் உண்டு.

முதலாவது, இழப்பீடு. ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை நீக்கினால், ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ தர வேண்டும். அதோடு, வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் தர வேண்டும். பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு 150 நாள் சம்பளம். "சரக்கு தேங்கிவிட்டது, நட்டம் வந்துவிட்டது, அதனால் மூடுகிறேன்" என்று முதலாளி சொல்லலாம். அதைக் காரணம் காட்டி இழப்பீட்டைக் குறைக்கச் சட்டம் இடம் தரவில்லை.

இரண்டாவது, 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழில் உறவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர் வேறு தொழில் கற்க, முதலாளி இன்னொரு 15 நாள் சம்பளத்தை ஒரு நிதியில் கட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பணம் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

மூன்றாவது, ஈ.எஸ்.ஐ. நம் சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 75 காசு பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 காசு கட்டுகிறார். இது 2019 ஜூலையில் வந்த கணக்கு. இது மருந்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 2005 ஏப்ரல் 1 அன்று ராஜீவ் காந்தி பெயரில் வேலையில்லாக் காலத்துக்கான திட்டம் ஒன்று தொடங்கியது. கம்பெனி மூடினாலோ ஆட்குறைப்பு செய்தாலோ, முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி. அடுத்த 12 மாதம் கால் பங்கு. அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. எத்தனை ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும், எப்படி மனுச் செய்வது என்பதை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேளுங்கள். நாள் கடத்தாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். டெல்லியில் கணக்குத் தீர்ப்பதை "ஹிஸாப்" என்பார்கள். ஹிஸாப் தரும்போது இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒரு காகிதம் நீட்டுவார்கள். இரண்டு இந்திச் சொற்களை நினைவில் வையுங்கள். "சண்ட்னி" என்றால் ஆட்குறைப்பு. "இஸ்தீஃபா" என்றால் ராஜினாமா. முதலாளி நீக்கினால் மேலே சொன்ன உரிமைகள் உண்டு. நாமே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் அவை கைவிட்டுப் போகும். பூட்டியது கம்பெனி, விலகியது நாம் என்று காகிதம் சொல்லிவிடும்!

ஆகவே படித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு நகல் கேளுங்கள். போடும் கையெழுத்தின் கீழே தேதி எழுதுங்கள். தகராறு வந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் ஒட்டுகிற அக்காவுக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் அட்டை அவருக்குக் கிடைக்கும். ஆனால் வேலை நின்றால் அந்த அட்டைக்காக மாதப் பணம் வராது. உதவி அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் சட்டம் இன்னும் எட்டவில்லை. இதை நாம் கூட்டமாகச் சேர்ந்து கேட்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஈ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், வேலையில் சேர்ந்த தேதி, கம்பெனியின் பெயர் ஆகிய நான்கையும் உங்கள் நோட்டில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். அட்டை இல்லாதவர்கள் "சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறீர்களா?" என்று நாளைக்கே கம்பெனியில் கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.