காலைத் தேநீருக்கு முன் ஒரு குளிசை



நாம் ஒன்றுகூடினால் கதை பிள்ளைகளில் தொடங்கி வருத்தங்களில் வந்து நிற்கும். அவற்றுள் தைரொயிட் குறைபாடும் ஒன்று. களைப்பு, குளிர் தாங்காமை, நிறை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல் என்பவற்றை வயதின் கோளாறு என்று பொறுத்துக்கொள்கிறோம். ஓர் இரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

தெரிந்ததும் நாம் கேட்பது, "எதைச் சாப்பிட்டால் இது மாறும்?" என்பதுதான். பெரும்பாலானோருக்கு இக்குறைபாடு வருவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட் சுரப்பியைத் தாக்குவதால். அதை எந்த உணவும் மாற்றாது. வைத்தியர் தரும் தைரொக்சின் குளிசை, சுரப்பி தராததை ஈடுசெய்கிறது. உணவை நம்பி அதை நிறுத்தக் கூடாது. ஆனால் அந்தக் குளிசை உடலில் சேர்வதற்கு நாம் உண்ணும் முறை மிகவும் முக்கியம்.

காலையில் வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும் குளிசையை எடுக்க வேண்டும். தேநீர், கோப்பி, பால், சாப்பாடு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயாமீற் விரும்பிகள் அதை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முடிக்கென்று பயோட்டின் எடுப்பவர்கள் பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அது முடிவைப் பிழையாகக் காட்டக்கூடும்.

அடுத்தது அயடீன். எமது நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்தில் கண்டக்கழலை பரவலாக இருந்தது. 1995இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது நாடு முழுவதும் கட்டாயமாக்கப்பட்டது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்கிரோகிராம் போதும்; கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 250. அயடீன் உப்பை மூடி வைத்து, கறி இறக்கும் நேரத்தில் சேர்ப்பது நல்லது. பிரித்தானியாவில் கடைகளில் விற்கும் உப்பில் பெரும்பாலும் அயடீன் இல்லை. அங்கு வாழும் சகோதரிகளுக்குப் பாலும் மீனும் முட்டையுமே கைகொடுக்கும். அதற்காகக் கடற்பாசிக் குளிசைகளை வாங்கி விழுங்க வேண்டாம். அயடீன் மிகுந்தாலும் சுரப்பி பாதிக்கப்படும்.

கோவாவும் மரவள்ளிக்கிழங்கும் கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். நன்றாக அவித்து, அளவோடு உண்டால் பயமில்லை. தினமும் மரவள்ளியே உணவாகி, அயடீனும் குறைந்தால்தான் சிக்கல். குத்தரிசிச் சோறு, பருப்பு, கீரை, மீன், பழங்கள் என்ற எமது சாப்பாடே போதும். மலச்சிக்கலுக்கும் நிறைக்கும் அதுவே உதவும்.

இறுதியாக, எமது மகள்மாருக்கும் மருமக்களுக்கும் ஒரு சொல். முதல் மாதங்களில் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி தாயின் தைரொயிட்டையே நம்பியிருக்கிறது. குளிசை எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்தவுடனேயே வைத்தியரிடம் செல்ல வேண்டும். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டிவரும். "பிள்ளைக்குக் கூடாது" என்று குளிசையை நிறுத்தச் சொல்லும் பெரியவர்களாக நாம் இருக்கக் கூடாது. தேநீர் கொஞ்சம் பிந்தட்டும். குளிசை பிந்த வேண்டாம்.