மந்த புத்தி யாருக்கு?

(அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளுக்கான ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் பேசியது)



இவ்விழாவில் நாம் பேசவேண்டுமென்று இப்பள்ளிக்கூடத்தார் கேட்டுக்கொண்டபோது நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. ஏனெனில், நாம் பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். பள்ளியில் இருந்த சில வருஷங்களிலும் வாத்தியாரிடம் "மண்டு", "மரமண்டை" என்ற பட்டங்களைத் தவிர வேறு பட்டம் வாங்கியதில்லை. பிறகு படித்ததெல்லாம் வாசகசாலையிலும் பழைய புஸ்தகக் கடையிலுந்தான். ஆகவே நாம் சொல்லுவதைப் பண்டிதர் வாக்காக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

சற்று முன் இம்மேடைக்கு ஒரு பையன் தண்ணீர் கொண்டுவந்ததைப் பார்த்திருப்பீர்கள். பதினான்கு வயதிருக்கும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் கொடுத்து, நாம் குடித்து முடிக்கும்வரை நின்று, வெறும் டம்ளரை வாங்கிக்கொண்டு போனான். இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இதைக் கற்றுக்கொடுக்க எட்டு மாதம் பிடித்ததாக அவனுடைய டீச்சர் அம்மையார் சொன்னார். முதலில் காலி டம்ளரைப் பிடிக்க மட்டும் பழக்கினார்களாம். பிறகு கால் டம்ளர் தண்ணீர், பிறகு அரை, பிறகு நான்கு அடி நடை, பிறகு வாசற்படி தாண்டுவது. இங்கு வருவதற்கு முன் அப்பையன் எங்கே இருந்தான் தெரியுமா? விருந்தாளி வந்தால் பின்கட்டில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்களாம். எட்டு மாதம் பிடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எட்டு மாதத்தில் ஆகக்கூடிய காரியத்திற்குப் பத்து வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தோமே, அதுதான் வெட்கம்.

ஏன் சாத்தி வைத்தார்கள்? பெற்றவர்களுக்குப் பாசமில்லையா? இருக்கிறது. ஆனால் பாசத்தின் தலைமீது பயம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "பூர்வ ஜென்ம பாவம்" என்கிறான் ஒருவன். "குலதெய்வக் குற்றம்" என்கிறான் மற்றொருவன். "பேய் பிடித்திருக்கிறது" என்று வேப்பிலையால் அடிக்கிறான் இன்னொருவன். தாயத்துக்கும் நேர்த்திக்கடனுக்கும் போன பணம் போகட்டும். பிள்ளை எளிதில் கற்கக்கூடிய இளம் வயதும் அத்தோடு போய்விடுகிறது. கடைசியில், "ஒரு கலியாணத்தைச் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று, விஷயத்தை மறைத்து, ஒன்றுமறியாத இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் கெடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் பூர்வ ஜென்மக் கதைக்கு ஒரு உதாரணம் போதும். நார்வே தேசத்தில் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு பேருக்கும் அறிவு வளரவில்லை. பிள்ளைகளிடம் ஒருவித வாடை அடிப்பதைக் கண்ட அத்தாய், காரணம் என்னவென்று வைத்தியர் வைத்தியராக விடாமல் போய்க் கேட்டாள். 1934-ல் ஃபோலிங் என்னும் வைத்தியர் அப்பிள்ளைகளின் சிறுநீரைச் சோதித்து, அதில் இருக்கக்கூடாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், உணவிலுள்ள ஒரு சத்தை அவர்களுடைய உடம்பு மாற்றிக்கொள்ள முடியாமல், அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து சில சொட்டு இரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடிக்கும் வழி 1960-களில் வந்தது. அச்சத்துக் குறைந்த உணவைப் பிறந்தது முதலே கொடுத்து வந்தால், அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளருகிறது. இப்போது கேட்கிறோம்: பூர்வ ஜென்ம வினை, பாலை மாற்றிக் கொடுத்தால் ஓடிப்போய்விடுமா? பிரமன் தலையில் எழுதிய எழுத்து குதிகாலில் ஊசி குத்தினால் அழிந்துவிடுமா?

எல்லாவற்றிற்கும் இப்படி மாற்று வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கர்ப்பிணிக்கு அயோடின் போதாமை, பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறல், மூளைக் காய்ச்சல், சில சமயங்களில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் நமது பழக்கம் என்று காரணங்கள் பல. இவற்றில் பலவற்றைத் தடுக்க முடியும். மனித உடம்பின் அணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கவேண்டிய இடத்தில் 47 இருப்பதால் ஒருவகைக் குறைவு உண்டாகிறது என்று 1959-ல் பிரான்சு தேசத்து விஞ்ஞானிகள் காட்டினார்கள். இதை மருந்தால் மாற்ற முடியாது. ஆனால் மருந்து நின்ற இடத்தில் படிப்பு வேலை செய்கிறது. அதற்குத்தான் இந்தப் பள்ளிக்கூடம்.

நிற்க, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்பது எப்படித் தெரிந்தது? 1800-ல் பிரான்சு தேசத்துக் காட்டிலிருந்து, பேச்சில்லாத, துணி உடுத்தத் தெரியாத ஒரு பையன் அகப்பட்டான். பினெல் என்னும் பேர்பெற்ற வைத்தியர் பார்த்துவிட்டு, இவன் திருத்த முடியாத ஜடம் என்று சொல்லிவிட்டார். இத்தார் என்ற இளம் வைத்தியர் அதை ஒப்புக்கொள்ளாமல் சுமார் ஐந்து வருஷம் அவனுக்குக் கற்பித்தார். பையனுக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் எழுத்துக்களைச் சேர்த்துச் சில வார்த்தைகளை அறிந்துகொண்டான். மேஜையில் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்தான். இத்தார் தாம் தோற்றதாக நினைத்தார். அவருடைய சீடர் செகான் அந்தத் தோல்வியிலிருந்தே ஆரம்பித்தார். கைக்கும் கண்ணுக்கும் காலுக்கும் முதலில் பயிற்சி. பிறகு எழுத்து என்று ஒரு முறையை ஏற்படுத்தி, 1846-ல் அதைப் புஸ்தகமாகவும் எழுதினார். 1848-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் ஹோ என்பவர் சர்க்கார் பணத்தில் இத்தகைய பள்ளிக்கூடம் தொடங்கினார்.

இத்தாலி தேசத்தில் மாண்டிசோரி அம்மையார் இம்முறையையே எடுத்து, ரோம் நகரில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்களில் சிலர் சாதாரணப் பிள்ளைகளோடு பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊர் கைதட்டிற்று. அம்மையாரோ, "இவர்களே தேறும்போது, நல்ல மூளையுள்ள பிள்ளைகள் இவ்வளவோடு நிற்கிறார்களே, அவர்களுக்கு நாம் என்ன கற்பிக்கிறோம்?" என்று யோசித்தார். அதன் பலனாக 1907-ல் ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நம்மவருக்கும் பயிற்சி கொடுத்தார். இன்று பணக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் கட்டித் தங்கள் குழந்தைகளை "மாண்டிசோரி" பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே குழந்தை விளையாடும் மரக்கட்டைகளின் மூலம், தாங்கள் "மண்டு" என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்காக ஏற்பட்ட படிப்பு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இப்பிள்ளைகளுக்கு நாம் தர்மம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர்களிடம் உலகம் பட்ட கடன் இருக்கிறது.

தோழர்களே! இதுவரை சொன்னதற்குக் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குத் தட்டமாட்டீர்கள். பூசாரியையும் மந்திரவாதியையும் சொன்னோம். பகுத்தறிவுக்காரர்களாகிய நாம் மட்டும் யோக்கியர்களா? மேடையில் ஏறி எதிரியை ஏசவேண்டுமானால் "மந்த புத்தி", "மூளை வளராதவன்" என்கிறோம். இந்த வாயாலேயே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். ஒரு கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் வந்து, "ஐயா, நீங்கள் திட்டின ஆள் தப்பே செய்திருக்கட்டும், என் பிள்ளை என்ன தப்பு செய்தான்?" என்று கேட்டார். பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மூட நம்பிக்கை வேறு. அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு. முன்னது அறிவை வைத்துக்கொண்டே உபயோகிக்க மறுப்பது. பின்னது இருக்கிற கொஞ்ச அறிவையும் முழுக்க உபயோகித்து டம்ளரைச் சிந்தாமல் கொண்டுவருவது. இவ்விரண்டில் எது மந்தம்?

பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று சொல்லிவிட்டு, பிறக்கும்போது வந்த மூளையைக் கொண்டு உயர்வு தாழ்வு பேசினால், அதுவும் ஒரு ஜாதிதான். பூணூல் மாத்திரம் இல்லை. இது வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிற காரியமுமல்ல. 1927-ல் அமெரிக்க நாட்டு உயர்ந்த நீதிமன்றம், மந்த புத்தி என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு இளம் பெண்ணைப் பலவந்தமாக மலடாக்குவது சட்டப்படி சரியென்று தீர்ப்புச் சொல்லிற்று. ஜெர்மனியில் 1933-ல் இதற்கென்றே சட்டம் செய்து, சுமார் 4 லட்சம் பேரை மலடாக்கினார்கள். 1940 முதல் 1941 வரை 70,000 பேருக்கு மேல், "வாழத் தகாதவர்" என்று எழுதி, விஷப் புகை அறையில் கொன்றார்கள். செய்தவர்கள் மந்திரவாதிகளல்ல, பட்டம் பெற்ற டாக்டர்கள். விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லியே செய்தார்கள். மனிதத் தன்மை இல்லாத அறிவு, மூட நம்பிக்கையைவிட மோசமான வேலை செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சுயமரியாதை என்பது மனிதனாய்ப் பிறந்ததற்கே உரியது. கணக்கில் எத்தனை மார்க் என்று பார்த்துக் கொடுப்பதல்ல.

சிலர், "தனிப் பள்ளி வைப்பதும் ஒதுக்கி வைப்பதுதானே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இது இன்னொரு சேரியாகிவிடக்கூடாது. இங்கே படிக்கும் பிள்ளை கடைக்குப் போகவேண்டும், பஸ் ஏறவேண்டும், தெருப் பிள்ளைகளோடு விளையாடவேண்டும். பள்ளி அதற்கு வழியாக இருக்கவேண்டுமேயொழிய, பின்கட்டுக்குப் பதிலாகக் கட்டிய பெரிய பின்கட்டாக இருக்கக்கூடாது. 2016-ம் வருஷத்துச் சட்டம், நிர்ணயித்த அளவுக்குக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ, இலவசமாகப் படிக்க உரிமை கொடுத்திருக்கிறது. இது பிச்சையல்ல, உரிமை. கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களே! "எங்கள் காலத்திற்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்று நீங்கள் கேட்பது நமக்குத் தெரியும். இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லுகிறவன் புளுகன். ஆனால் தானே சட்டை போட்டுக்கொள்ளக் கற்றவனுக்கு ஒரு ஆள் தேவை குறைகிறது. தப்பாகத் தொடுகிறவனை "வேண்டாம்" என்று தள்ளக் கற்ற பெண்ணுக்கு ஒரு ஆபத்துக் குறைகிறது. கவர் ஒட்டிக் கூலி வாங்குகிறவனுக்கு வீட்டில் ஒரு மதிப்புக் கூடுகிறது. மீதியை ஊர் செய்யவேண்டும். கடை வைத்திருக்கிற தோழர்கள் இப்பள்ளியில் படித்து வெளிவரும் ஒருவருக்காவது வேலை கொடுங்கள். வேலைக்குத் தகுந்த கூலியும் கொடுங்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டுப் பின்கட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாளைக் காலையில் அவ்வீட்டுக்குப் போய், இந்தப் பள்ளிக்கு வழி சொல்லுங்கள். நாம் இனி மேடையில் அந்த வார்த்தைகளைச் சொல்லமாட்டோம். தவறிச் சொன்னால் எழுந்து கேளுங்கள்.

தண்ணீர் கொடுத்த தோழருக்கு நன்றி கூறி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.